எண்ணெய் தடவாத சிப்ஸ்

டார்டிலா என்ற சோளச் சப்பாத்தியை முக்கோணத் துண்டுகளாக வெட்டும்போது மாஸ்டரம்மாவின் கை நடுங்கவில்லை. கத்தியைக் கண்டு அவள் ஒருநாளும் பயந்தவள் இல்லை. கேன்டீனில் வருடக்கணக்காகப் பொரிக்கிற அடுப்பில் நின்றவள் என்பதால் கட்டிய கணவன்கூட அவளை மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவான். போன மழைக்காலத்தில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி சரிந்து அவள் வலக்கையைப் பொசுக்கிவிட்டது. தோல் ஆறிவிட்டது என்றார் டாக்டர். அப்படியானால் நாளையிலிருந்து வந்துவிடு என்றார் மேனேஜர். பயம் ஆறியதா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை.

மகள் சிப்ஸ் கேட்டபோது, நாத்தனார் வாங்கிக் கொடுத்திருந்த ஏர் ஃபிரையர் அவளுக்குத் தெய்வம் மாதிரி தெரிந்தது. நெருப்பும் இல்லை, சட்டியும் இல்லை. இதையாவது செய்துவிட்டால் நாளைக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

"எண்ணெய் தடவணும்னு பாக்கெட்ல போட்டிருக்கேம்மா," என்றாள் மகள்.

"வேண்டாம்டி. இது காத்துலயே வேகுற மெஷின்."

எண்ணெய் பாட்டில் இருந்த அலமாரிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மெஷின் உறுமத் தொடங்கியது. சற்று நேரத்தில் உள்ளே படபடவென்று சத்தம். எண்ணெய்ப் பசை இல்லாத துண்டுகள் காற்றில் கிளம்பி, மேலே பழுக்கக் காய்ந்திருந்த கம்பிச் சுருளில் ஒட்டிக்கொண்டன. கருகல் வாடை மூக்கில் ஏறியது. இடுக்கு வழியே புகை வந்தது. மகள் "அம்மா" என்று கத்தினாள்.

அவளுக்கு நினைவு வந்தபோது, மாடிப்படியில் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. பக்கத்தில் மகளும் இல்லை. பெற்ற பிள்ளையைப் புகைக்குள் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடி மேலே ஓடினாள்.

மகள் பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். குளியலறையிலிருந்து ஓடிவந்த கணவன், காதோரம் சோப்பு நுரையோடு, குளியல் துண்டை வீசிப் புகையை விரட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு வெளிய ஓடுனது? கதவு படார்னு கேட்டுச்சே."

"நான்தாம்பா," என்றாள் மகள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

அவன் மெஷின் கூடையிலிருந்து ஒரு சிப்ஸ் துண்டை எடுத்து விரலில் தேய்த்தான். "ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை. பறக்காம என்ன செய்யும்? மாஸ்டரம்மாவுக்கு நான் போய் சமையல் சொல்லித்தர வேண்டியதாப் போச்சு..." சிரித்தபடி திரும்பியவன் அவளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"ஓடுனது நான்தாங்க. இவளை விட்டுட்டு ஓடிட்டேன்." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கேன்டீன்ல எனக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு நிக்கும். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அதையும் விட்டுட்டு ஓடிடுவேன்."

அவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளிவைத்தான். "இத்தனை நாளா சொல்லவே இல்லையே," என்றான்.

மகள் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, மீதித் துண்டுகளில் இரு பக்கமும் தடவ ஆரம்பித்தாள். மேலே கம்பித் தட்டை வைத்து அமுக்கினால் பறக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு பளபளக்கும் உள்ளங்கையை அம்மாவிடம் நீட்டினாள்.

"இவ்வளவு போதுமாம்மா? தொட்டுப் பாரேன்."

அடுப்பையே பார்த்திராத, பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்த எண்ணெய்தான். ஆனாலும் மாஸ்டரம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மகளின் மணிக்கட்டு வழியே ஒரு சொட்டு இறங்கி, விளிம்பில் தொங்கியது. அதற்கு நேர் கீழே, அவளுடைய தழும்பேறிய கை மெல்ல வந்து விரிந்தது.