ஏழு பருத்தி விதை

பரமசிவன் வீட்டுப் பெண்களின் கை பொல்லாதது. தொட்ட விதையெல்லாம் முளைத்துவிடும். அவர் மகள் சத்தியபாமா வயசுக்கு வந்ததிலிருந்து அவளைப் பாசிப்பயறு டப்பா பக்கம் அம்மா ஆவுடைத்தாய் விடுவதில்லை. கை பட்டால் மறுநாள் மூடியைத் தள்ளிக்கொண்டு முளை எட்டிப் பார்க்கும்.

அந்தக் கையை வைத்துக் குடும்பம் ஒரு சட்டம் போட்டிருந்தது. கல்யாணம் பேசினால், பெண் மாப்பிள்ளை வீட்டுப் புஞ்சையில், மழை காணாத புழுதியில், ஏழு பருத்தி விதை போட வேண்டும். எங்கே முளைக்கிறதோ அந்த இடத்துக்கு அவள் சொந்தம்; முளைத்ததைப் பிடுங்கி வேறிடத்தில் நடக் கூடாது. முளைக்காமல் போனதே இல்லை. பெண்ணின் மனசை எவன் கேட்டான்?

சத்தியபாமாவுக்குக் கோவில்பட்டியில் பிளஸ் ஒன் சேர வேண்டும். விண்ணப்பம் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. அப்பாவோ தன் அக்காள் முப்பிடாதிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை அவள் மகன் கருத்தப்பாண்டி. சீட்டாட மட்டும் சுறுசுறுப்பான ஆள்.

எப்போதும்வென்றான் ஊரில் அத்தை புஞ்சை; விதை போட இரண்டு வீட்டாரும் வந்து நின்றார்கள். ஆனி வெயில் மண்டையைப் பிளந்தது.

"படிச்சுக் கிழிச்சது போதும்ட்டி. இனிமே இங்கன பருத்தி எடு" என்றாள் அத்தை. அம்மா வாயே திறக்கவில்லை. எல்லாரையும் விட அவள் மேல்தான் சத்தியபாமாவுக்கு ஆத்திரம் வந்தது.

அத்தை தன் கை படாமல் கொட்டாங்கச்சியிலிருந்து ஏழு விதையையும் சத்தியபாமா கையில் சரித்தாள். ஈரமாக இருந்தது. சீக்கிரம் முளைக்கட்டுமென்று ஊறப் போட்டிருக்கிறாள்! புழுதிக்குக் காய்ந்த விதைதான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவசரக்காரி அத்தைக்குப் புத்தி மட்டு.

சத்தியபாமா விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

"போடுட்டி!"

போடவில்லை. ஊறின விதைக்கு மறுநாள் வரை பொறுக்கவில்லை; உள்ளங்கை குறுகுறுத்தது, பிறகு குத்தியது. விரலிடுக்கில் ஏழு முளையும் தலை நீட்டின.

"ஏலே, கையப் பிரிச்சு மண்ணுல போடுலே!" என்று அத்தை மகனை ஏவினாள். கருத்தப்பாண்டி சத்தியபாமாவின் மணிக்கட்டை முறுக்கினான்.

"கைய எடுங்க மாப்பிள்ள" என்றாள் ஆவுடைத்தாய். இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். "மொளச்சதப் பிடுங்கி நடக் கூடாதுன்னு உங்க வீட்டுச் சட்டந்தான சொல்லுது, மதினி? அவ கையிலதான மொளச்சிருக்கு? அவ அவளுக்குத்தான் சொந்தம்."

பரமசிவன் அக்காளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சட்டத்தை மீற அவருக்குத் தைரியம் கிடையாது.

"வெளங்க மாட்டட்டி!" என்று அத்தை மண்ணை வாரித் தூற்றினாள்.

வீட்டுக்கு வந்து முளைகளைப் பிய்த்தபோது உள்ளங்கையில் ரத்தம் வந்தது. அதைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அதே கையால் விண்ணப்பத்தில் பெயர் எழுதினாள்.