தெரிந்ததும் நினைத்ததும்

மனைவி பிரிசில்லா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நிஷாந்த் தவறாமல் சவரம் செய்துகொள்வான். அன்றைக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. அன்றைக்குத்தான் வீடியோவில் முகம் பார்க்க முடியும். தெமோதரைக்கு மேலே இருந்த அவர்களுடைய தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. மகள் கெசியாவுக்குத் தலை சீவி, கையைப் பிடித்துக்கொண்டு மேல் ரோட்டு வளைவு வரை ஏறிப் போய்க் காத்திருப்பான்.

கடைசியாகப் பேசிய வெள்ளிக்கிழமை அவள் முகத்தைக் காட்டவில்லை. குரல் மட்டும் வந்தது.

"தலவலியா இருக்குங்க. கெசியாவுக்கு இருமல் விட்டுருச்சா?"

"விட்டுருச்சு. நீ ஏன் ஒரு மாதிரி பேசுற?"

அவள் பதில் சொல்வதற்குள் பின்னால் ஓர் ஆண் சிரிக்கும் சத்தம் கேட்டது. "வைக்கிறேங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளி அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அவன் அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடவிடும் மாடியில் அவனுக்கு வேலை. கூட வேலை செய்யும் சின்னராசா கொழுந்தைக் கிளறிவிட்டபடியே கேட்டார்.

"ஏன் தம்பி, தங்கச்சி பேசுதா?"

"ரெண்டு வாரமா காணல அண்ணே."

சின்னராசா கிளறுவதை நிறுத்தினார். "நல்ல புள்ளதான். ஆனா அந்தப் பக்கம் போயி நல்லது பொல்லாதத பாத்துட்டா மனசு மாறிருதுல்ல. மொனராகலையில என் மச்சான் சம்சாரம் அப்படித்தான், திரும்பியே வரல."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கொழுந்து பரப்பிய அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார். நிஷாந்தை விட்டுத்தான் அந்தப் பேச்சு போகவில்லை. தொலைபேசியில் கேட்ட சிரிப்புக்கு அவன் ஒரு முகம் கொடுத்தான். அந்த முகத்துக்கு ஒரு கார் கொடுத்தான். அந்தக் காரில் பிரிசில்லாவை ஏற்றினான். அவள் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்பதுகூட அவனுக்குத் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. சாயந்தர ஜெபத்துக்கு உட்காருவதை நிறுத்தினான்.

"அம்மா எப்பப்பா பேசும்?" என்று கெசியா கேட்டாள்.

"ஒங்கம்மாவுக்கு நம்ம நெனப்பே இல்ல."

பிள்ளை பாயில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வேலை விட்டதும் அவன் தனியாக ரோட்டு வளைவுக்கு ஏறினான். குரல் செய்தி ஒன்றைப் பதிந்தான். "நீ வர வேணாம். அங்கேயே இருந்துக்க. புள்ளைய நான் பாத்துக்கிறேன்." அனுப்பினான். அதுவும் ஒற்றை டிக்கோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஆலயத்துக்குப் போகிற எண்ணத்தில் இல்லை. கெசியா தானாகவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்காகப் போனான். தோட்டத்து ஆலயம் தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். வழக்கமாக வேதம் வாசிக்கும் பாலர் பாடசாலை ஆசிரியை ஜீவராணி கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அவனிடம் வந்தாள்.

"தொண்ட கட்டிக்கிச்சு அண்ணே. சத்தமே வரல. இன்னைக்கு நிருபத்த நீங்க வாசிங்க."

மறுக்க வழியில்லாமல் எழுந்து போனான். பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்குச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி. சின்ன வயதில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியதுதான். முதல் வரியிலேயே, பார்க்க வேண்டும் என்று தான் ஏங்குகிறவர்களை பவுல் கூப்பிட்டுப் பேசுகிறார். அந்த வரியை நிஷாந்த் இரண்டு முறை வாசித்தான். பூட்டிய அறைக்குள் இருந்த அந்த மனுசனுக்கும் ஏக்கம் இருந்திருக்கிறது என்று அவன் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

மேலே வாசித்தான். கவலைப்படாமல் எல்லாவற்றையும் தேவனிடம் சொல்லச் சொன்னது. அதற்குப் பிறகு, எதையெல்லாம் சிந்திக்க வேண்டும் என்று சொல்லும் வரி வந்தது. ஒழுக்கம், நீதி, கற்பு, அன்பு என்று போகும் அந்த வரிசையில் முதலில் நின்றது உண்மை. அவன் அங்கேயே நின்றுவிட்டான். சபையார் அவன் இடம் தப்பிவிட்டான் என்று நினைத்தார்கள். முன் வரிசையிலிருந்து ஜீவராணி எட்டிப் பார்த்தாள். அவன் மீதியை வாசித்து முடித்தான்.

பிரசங்கம் அவன் காதில் விழவில்லை. இத்தனை நாளும் தலைக்குள் ஓடியதில் உண்மை எது என்று தேடிக்கொண்டிருந்தான். பிரிசில்லாவுக்குத் தலைவலி இருந்தது. இருமலைப் பற்றிக் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். தெரிந்தது அவ்வளவுதான். முகமும் காரும் உடுப்பும் அவன் உண்டாக்கியவை.

ஆராதனை முடிந்ததும் லயத்துக்குப் போகாமல் கெசியாவோடு ரோட்டு வளைவுக்கு ஏறினான். செய்தி இன்னும் அவளைப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. விரலை அழுத்திப் பிடித்து அதை அழித்தான். பிறகு மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"அன்னைக்கு அப்பா சொன்னது பொய் சாமி. அம்மாவுக்கு என்னா ஆச்சுன்னு அப்பாவுக்குத் தெரியாது. அதான் உண்ம."

"அப்ப ஜெபம் பண்ணுவமா?" என்றாள் அவள்.

ரோட்டோரத்திலேயே செய்தார்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. திங்கட்கிழமை மாடியில் கொழுந்து வாட்டும் காற்றாடிகள் இரைய ஆரம்பித்ததும் அந்தச் சிரிப்பு திரும்பவும் வந்தது. 'இது எனக்குத் தெரியுமா, நான் நினைக்கிறேனா' என்று கேட்டுக்கொண்டான். தெரியாததை, "ஆண்டவரே, இது ஒங்களுக்குத் தெரியும்" என்று அங்கேயே ஒப்புக்கொடுத்தான். சிறிது நேரம் லேசாக இருந்தது. மறுபடியும் வந்தது. மறுபடியும் கேட்டான். சில நாட்களில் கேட்க மறந்து, சாயந்தரம் வரைக்கும் அந்தக் காருக்குப் பின்னாலேயே ஓடிக் களைத்தான். ஆனால் இப்போது சோறு இறங்கியது. கெசியாவின் பள்ளிக்கூடக் கதைகள் காதில் விழுந்தன.

வேடிக்கை என்னவென்றால், பயம் விலகிய இடத்தில் ஏக்கம் கூடிப்போனது. கோபத்தில் அவளை மறந்திருந்தான். இப்போது அவளுடைய சின்னச் சின்ன விசயங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற மறுநாள் பஜாரிலிருந்து பருப்பு வடை வாங்கி வரச் சொன்னது. பாடும்போது பாதி வரியை மறந்துவிட்டு ராகத்தை மட்டும் இழுப்பது. இவையெல்லாம் உண்மை. இவற்றை நினைக்கத் தடையில்லை.

சின்னராசா மறுபடியும் கேட்டபோது சொன்னான்: "எனக்கு ஒன்னும் தெரியாதண்ணே. தெரியாதத நெனைக்கிறத விட்டுட்டேன்." அவர் அவனைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்தது. கடைக்குப் போன வழியில், ரோட்டில் நிற்கும்போது. வீடியோவில் பிரிசில்லா மெலிந்து தெரிந்தாள்.

"ஏங்க, இந்த வீட்டுப் பெரியம்மா விழுந்து இடுப்ப ஒடச்சிக்கிச்சு. ஆஸ்பத்திரில கூடவே இருக்கச் சொல்லிட்டாங்க. அவசரத்துல ஃபோன வீட்டுலயே விட்டுட்டேன். இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு." நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "என்னமோ அனுப்பிட்டு அழிச்சிருக்கீங்க?"

வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். "ஒன்னய வர வேணாம்னு அனுப்புனேன். அன்னைக்கு யாரோ சிரிச்சது கேட்டுச்சு. நானா என்னென்னமோ நெனச்சிக்கிட்டேன்."

"அது வீட்டுக்காரம்மாவோட தம்பி. பெரியம்மாவப் பாக்க வந்திருந்தாரு." அவள் கண் நிறைந்தது. "என்னயப் பத்தி அப்படியா நெனச்சீங்க?"

"நெனச்சேன் பிரிசி. தப்புதான். மன்னிச்சிரு."

அவள் சேலைத் தலைப்புப் பழக்கத்தில் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "எனக்குக் கோவமா இருக்கு. ரொம்பக் கோவமா இருக்கு. ஆனா அழிச்சீங்கள்ல." பிறகு தயங்கிச் சொன்னாள்: "சித்திரைக்கு வர்றதா இருந்தேன். பெரியம்மா நடக்கிற வரைக்கும் இருன்னு வீட்டுக்காரம்மா அழுவுறாங்க. கிறிஸ்மஸுக்குத்தான் விடுவாங்க போலிருக்கு."

இது அவன் உண்டாக்கியது இல்லை. நெஞ்சுக்குள் நேராக வந்து இறங்கியது. கத்த வேண்டும் போல இருந்தது. கொஞ்சம் பொறுத்தான்.

"சரி. நீ இல்லாம எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. அத மறைக்க மாட்டேன். கிறிஸ்மஸுக்கு வா."

"எனக்கும்தாங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அங்க இப்ப எப்படி இருக்கு? சொல்லுங்களேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "மழ விட்டுருச்சு. அந்தாப் பக்கத்து மலையில மூடுபனி எறங்குது. கொழுந்து லொறி வளைவுல திரும்புது. ஜீவராணி டீச்சர் குடைய மடக்கிக்கிட்டு வருது."

"ம்."

"கோயில் கூரையில புதுத் தகரம் போட்டிருக்காங்க. வெயில் பட்டு மின்னுது."

"இன்னும் சொல்லுங்க" என்றாள்.