கட்டுத்தறியில் ஒரு நீலக் கார்

கிர்டால் ஊரில் தபால் நிலையத் தலைவராயிருந்து ஓய்வுபெற்ற கவ்ரீல் என்பவர், காலுறையைக்கூடத் தேய்த்து மடித்து அணிபவர். பிறர் எழுதிய கடிதமாயினும் உறையின்மேல் எழுத்துப்பிழை கண்டால் திருத்தியே அனுப்பியவர். கோடையில் ஊரார் அனைவரும் நெடுங்கைப்பிடி அரிவாளோடு புல்வெளியில் வியர்த்து நிற்கையில், தம் முற்றத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து தம் நீல நிறக் காரை மென்தோலால் துடைத்துக்கொண்டிருப்பவர். புல்லைப்போலப் பெட்ரோலை எவனும் அறுக்க வேண்டியதில்லை என்பது அவர் வழக்கமாகக் கூறுவது. அந்தக் காருக்கு ஒரு நவம்பர் மாதத்தில் உரோமம் முளைத்தது.

எங்கள் ஊரில் குளிர்காலம் அக்டோபரில் வந்தால் மே மாதத்தில்தான் விடைபெறும். வசதியுள்ளோர் சூடேற்றிய கொட்டகையில் காரை நிறுத்துவர். அன்றாடம் ஓட்ட வேண்டியவர்கள் எஞ்சினை அணைக்காமலே விட்டுவிடுவர். ஏனையோர் நீரை வடித்து வெளியில் நிறுத்தி, வசந்தம் வரையில் அதனை மறந்துவிடுவர். கவ்ரீலால் மறக்க இயலவில்லை. அவர் எழுப்பிய கொட்டகையோ, அடிநிலத்து உறைபனி இளகியதனால் முழங்காலிட்டதுபோற் சாய்ந்து, கதவு திறக்காமற் போயிற்று. ஆகவே ஆண்டுதோறும் செப்டம்பர் முடியுமுன்னரே ரேடியேட்டர் நீரை வடிப்பார். எலி புகாதபடி புகைக்குழாயில் கந்தலைத் திணிப்பார். சக்கரங்கள் தரையைத் தொடாதபடி மரக்கட்டைகளின்மேல் வண்டியை ஏற்றித் தடித்த கம்பளியால் போர்த்துவார். பாட்டரியைக் கழற்றி வந்து, அடுப்புக்கு அருகே, அவர் மனைவி வர்வாரா கால்நீட்டும் இடத்தில், துணி விரித்துப் படுக்கவைப்பார். இத்தனை செய்தும் பயனில்லை. ஒரு வசந்தத்தில் எஞ்சின் வெடித்திருந்தது. மற்றொன்றில் டயர்கள் காய்ந்த ரொட்டிபோற் பிளந்திருந்தன. பிறிதொன்றில் எலிகள் அக்கந்தலிலேயே குட்டியிட்டு, வயர்களைக் குட்டிகளுக்கு ஊட்டி முடித்திருந்தன.

வர்வாரா எங்கள் மாவட்டத்தின் தலைசிறந்த பாடகி. ஜூன் மாதத்து இஸியாக் திருவிழாவில் வட்ட ஆட்டத்தின் நடுவே நின்று அவர் ஓரடி பாடினால், கைகோத்து ஆடும் கூட்டம் அதனைத் திருப்பிப் பாடும். அத்தகையவர், மார்பில் வெள்ளி அணிகள் குலுங்க, வாயெல்லாம் புழுதியோடு, ஆண்டுதோறும் லாரியின் பின்பலகையைப் பற்றி நின்றுகொண்டே மாவட்டத் தலைநகருக்குப் போய்வந்தார். அடுத்த ஆண்டு நம் காரில் போகலாம் என்று கவ்ரீல் ஆண்டுதோறும் கூறிவந்தார். உரோமம் முளைத்த ஆண்டில், பாட்டரி அடுப்பருகே வந்து படுத்த அன்று வர்வாரா கரண்டியைக் கீழே வைத்தார்.

“நல்லாக் கேட்டுக்கோ கிழவா. வர்ற இஸியாக்குக்கு என்னைய அந்தக் கார்ல கொண்டுபோய் இறக்கலேன்னா நான் திரும்பி வரமாட்டேன். அங்க தங்கச்சி வீட்ல ஒரு அறை காலியாத்தான் கெடக்கு. நீயும் உன் பாட்டரியும் சேர்ந்து குடும்பம் நடத்துங்க.”

சொல்லிவிட்டு மறந்துபோகும் பெண்ணல்லர் அவர். கவ்ரீல் அதனை அறிந்திருந்தார்.

முதற்பனி இறுகிய காலையில் அவர் முற்றத்துக்கு வந்தபோது கார் வெற்றுடம்பாக நின்றது.

“கம்பளி எங்கடி?”

“கன்னுக்குட்டி மேல.”

“அது வண்டிக் கம்பளி!”

“வண்டி என்ன, நாளைக்குப் பால் குடுக்கப் போகுதா?”

வர்வாராவின் தம்பி நியுர்குன் குதிரை மேய்ப்பவன். அப்போது தேநீர் அருந்திக்கொண்டிருந்தான். அவன் கோப்பையிலிருந்து வாயை எடுக்காமலே சிரித்தான். “மச்சான், என் குதிரைங்க குளிர்காலம் பூரா வெளியதான் நிக்குது. ஒண்ணாவது போர்வை கேட்டு வந்திருக்கா? நீ போர்த்திப் போர்த்தியே அதைக் கெடுத்து வச்சிருக்க. ஒரு வருஷம் சும்மா விடு. தானாக் கத்துக்கும்.”

கவ்ரீலுக்குச் சினம் தலைக்கேறியது. ஓட்டவேண்டிய குதிரையை முன்பனியில் தறியில் கட்டிப் பட்டினியிட்டு உடலை இறுகச்செய்வது எங்கள் மேய்ப்பர் வழக்கம். அவர் தந்தையும் அவ்வாறு செய்தவரே. அத்தந்தை நட்ட கட்டுத்தறி, அவருடைய குதிரை இறந்தது முதல் எதுவும் கட்டப்படாமல் முற்றத்தின் நடுவே நின்றது. கவ்ரீல் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக உதைத்துத் தள்ளினார். பரணிலிருந்து தந்தையின் மயிர்க்கயிற்றைக் கொணர்ந்து காரின் முன்கம்பியைத் தறியோடு பிணைத்தார். “எனக்கு அலுத்துப்போச்சு! குதிரைன்னா குதிரையாவே நின்னு தொலை!” என்று தெருவே கேட்கக் கத்தினார். கட்டுத்தறியருகே சினந்து சொல்லலாகாத சொற்கள் சில உண்டு என்பது எங்கள் ஊரில் யாவருக்கும் தெரியும். வாழ்நாளெல்லாம் கடிதங்களில் முத்திரை குத்தியவருக்கு மட்டும் அது மறந்துபோயிருந்தது.

நவம்பர் நடுவில் காரின்மேல் சாம்பல் நிறமாக ஏதோ படர்ந்தது. உறைபனியென்று கருதித் துடைப்பத்தால் தேய்த்தார், அது போகவில்லை. அடுத்த வாரம் அது விரலளவு நீண்டு காற்றில் அசைந்தது. அதற்கடுத்த வாரம் கூரையின் நடுக்கோட்டில் கருத்த பிடரிமயிர் எழுந்து இருபுறமும் சரிந்தது. அந்த வாரம் மாவின் விலையும் சற்று ஏறியது. கால்நடை மருத்துவர் அகுலினா வந்து கதவுகளின் கீழே கைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

“குளிர்கால ரோமம். நல்ல அடர்த்தி. பேனும் இல்ல. இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?”

“அம்மா, இது கார்!”

“எனக்கும் கண்ணு இருக்கு, கவ்ரீல். கார்தான். ஆரோக்கியமா இருக்கு.”

போக்குவரத்து அதிகாரியோ, பதிவில் நீலம் என்றிருக்கிறது, நிற்பது சாம்பல் நிறம் என்று முகஞ்சுளித்தார். மே மாதத்தில் உதிர்ந்துவிடும் என்று வர்வாரா கூறவே, அப்படியானால் மே மாதத்தில் வந்து பார்ப்பதாகச் சொல்லிச் சென்றார். கவ்ரீல் ஒருநாள் கத்தரிக்கோலோடு போய் முன்விளக்கை மறைத்த கற்றையை வெட்ட முயன்றார். ஹாரன் அலறிய அலறலில் தெருநாய்கள் அனைத்தும் ஊளையிட்டன. வர்வாரா ஓடிவந்து கத்தரியைப் பிடுங்கினார்.

“பாவம், அதுக்குக் குளிராதா?”

“என்னைப் பார்த்து என்னைக்காவது இப்படிக் கேட்டிருக்கியாடி?”

“உனக்கென்ன, அடுப்புப் பக்கத்துல பாட்டரியைக் கட்டிப்பிடிச்சுட்டுத் தூங்குற.”

ஜனவரியில் எச்சில் தரையைத் தொடுமுன் உறைந்தது. ஊரிற் பாதிக் கார்களின் இரும்பு விரிந்து பிளந்தது. கவ்ரீலின் கார் மட்டும் தொட்டால் இளஞ்சூடாயிருந்தது. ஆற்றிலிருந்து குடிநீர்ப் பனிக்கட்டி கொண்டுவரும் பெண்கள் அதன் பிடரிமயிருக்குள் கைவிட்டுச் சூடேற்றிக்கொண்டு போயினர். நீரே இல்லாத ரேடியேட்டரிலிருந்து காலைதோறும் ஆவி எழுந்தது. மார்ச்சில் முன்சக்கரங்களுக்கு முன்னால் பனி சுரண்டப்பட்டு, அடியிலிருந்த பழம்புல் மொட்டையாக மேயப்பட்டிருந்தது. கவ்ரீலோ இவற்றையெல்லாம் தம்மை அவமதிக்கவே கார் செய்வதாகக் கருதி, முகங்கொடுத்தும் பேசாமல், பாட்டரியின்மேல் படிந்த தூசியைத் துடைத்துவந்தார்.

மே மாதத்தில் உரோமம் கற்றை கற்றையாக உதிர்ந்தது. வர்வாரா அதைச் சேர்த்துக் கொசுவிரட்டும் சாமரம் ஒன்று கட்டினார். உள்ளிருந்து வெளிப்பட்ட நீலம் கடையிலிருந்து அன்றுதான் எடுத்து வந்ததுபோலிருந்தது. டயரில் ஒரு கீறலும் இல்லை. கவ்ரீல் நெடுநாளைக்குப்பின் சிரித்தார். பாட்டரியைப் பொருத்தினார், நீர் ஊற்றினார், பெட்ரோல் ஊற்றினார், சாவியைத் திருகினார். ஒரு முனகலும் எழவில்லை. அடுத்த ஊர் மெக்கானிக் வந்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, இதில் ஒரு குறையுமில்லை, ஆனால் இதற்கு மனமில்லை என்று சொல்லித் தேநீர் அருந்திவிட்டுப் போனார். ஜூன் பிறந்த காலையில் கயிறு மட்டுமே தறியில் தொங்கியது. சக்கரத் தடம் வேலியைக் கடந்து, நியுர்குனின் குதிரைக்கூட்டம் மேயும் புல்வெளிக்குச் சென்றது. அங்கே, பெட்டைக்குதிரைகளின் நடுவே, கார் தலைகுனிந்து நின்றது.

அதன்பின் நாள்தோறும் கவ்ரீல் கையிற் சாவியோடும் கழுத்தெல்லாம் கொசுவோடும் சேற்றிலிறங்கி நடந்தார். கைக்கெட்டும் தூரத்தை அவர் அடையும்போதெல்லாம் கார் சற்றே உருண்டு அப்பால் நின்றது. கெஞ்சினார், திட்டினார், அரசாங்க மொழியில் எச்சரித்தார். வேலிமேல் அமர்ந்திருந்த நியுர்குன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “கையில சாவியோட போனா எந்தக் குதிரை மச்சான் வரும்?”

திருவிழாக் காலையில் லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தது. வர்வாரா வெள்ளி அணிகள் பூண்டு, பை ஒன்றோடு வாயிலில் நின்றார். லாரியில் ஏற்றிவைக்கலாமென்று கவ்ரீல் அப்பையைத் தூக்கினார், அது கனத்தது. மூடாத வாய்ப்புறத்தில் மான்தோற் காலணிகளின் நுனி தெரிந்தது. குளிர்காலத்துக் காலணிகள். ஜூன் மாதத் திருவிழாவுக்கு அவற்றை எவரும் எடுத்துச் செல்வதில்லை.

“லாரியைப் போகச் சொல்லு,” என்றார் கவ்ரீல்.

“எதுல போறது? உன் முதுகிலயா?”

கவ்ரீல் சாவியை வாயிற்படியில் வைத்துவிட்டு மாட்டுத்தொழுவத்துக்குள் போனார். அங்கே, மூலையில், சென்ற கோடையில் வர்வாரா அறுத்த புல் ஓர் அணைப்பளவே எஞ்சியிருந்தது.

“இவ்வளவுதான் இருக்கா?” என்று உள்ளிருந்தே கேட்டார்.

“நான் ஒருத்தி அறுத்தா இவ்வளவுதான் இருக்கும்.”

அப்புல்லை மார்போடணைத்து அவர் புல்வெளிக்குள் நடந்தார். இம்முறை கார் விலகிப் போகவில்லை. மெல்ல உருண்டு வந்து, தன் முன்மூடியை அவர் மார்பில் முட்டியது. அவர் மூடியைத் திறந்து, பாட்டரியைக் கழற்றிப் புல்தரையில் வைத்து, அவ்விடத்தில் புல்லைத் திணித்தார். எஞ்சின் ஒரு கனைப்போடு எழுந்தது. லாரி போய் வெகுநேரம் ஆகியிருந்தது. இருவரும் காரில் ஏறிச்சென்று பாதிவழியில் அதனை முந்தினர்.

தலைநகரில் தொண்டர்கள் கார்கள் நிற்கும் திடலைக் காட்டினர். கார் அங்கே திரும்பவில்லை. நேரே கட்டுத்தறி வரிசைக்குப் போய், ஒரு வெள்ளைக் குதிரைக்கும் ஒரு செம்பழுப்புக் குதிரைக்கும் இடையே நின்றது. குதிரைகள் சற்றே விலகி இடம் கொடுத்தன. பந்தயப் பொறுப்பாளர் ஒருவர் வந்து, “ஓட்டத்துல சேக்கணுமா? வயசென்ன ஆகுது?” என்று வினவிப் போனார். உடையில் புழுதி படாமல் இறங்கிய வர்வாரா வட்டத்தின் நடுவே நின்று பாடினார். அன்று வட்டம் திடலின் விளிம்புவரை விரிந்தது. கவ்ரீல் ஆடப் போகவில்லை. தறியருகே நின்று, சாமரத்தால் காரின்மேல் மொய்த்த கொசுக்களை விரட்டிக்கொண்டு, அந்தக் குரலையே கேட்டிருந்தார். பையை எடுத்துச்செல்ல வந்த தங்கையிடம் வர்வாரா, “இருக்கட்டும், வண்டியிலேயே இருக்கட்டும்,” என்றார்.

அந்தக் கார் இன்றும் உள்ளது. அக்டோபரில் உரோமம் முளைக்கும், மேயில் உதிரும். போக்குவரத்து அதிகாரி நிறத்துக்குரிய இடத்தில் ‘பருவத்திற்கேற்ப’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார். இவையெல்லாம் பின்னர் நிகழ்ந்தவை. திருவிழா முடிந்து வீடு திரும்பிய அன்று, வர்வாரா தாமே பையைச் சுமந்து உள்ளே சென்று, காலணிகளைப் பழைய இடத்தில் மாட்டினார். அடுப்பருகே பாட்டரி கிடந்த இடம் வெறுமையாயிருந்தது. அங்கே கால்நீட்டி அமர்ந்தார். கவ்ரீல் காரைத் தறியில் தளர்வாகக் கட்டிவிட்டுப் பரணில் ஏறி, தந்தையின் நெடுங்கைப்பிடி அரிவாளைத் துரு உதிர இறக்கி வந்தார்.

“அது எதுக்கு உனக்கு?” என்றார் வர்வாரா.

“இந்த வருஷம் நானும் புல்லறுக்க வர்றேன்,” என்றார் கவ்ரீல்.