உயிர் போகுது

'ஹர்ட்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். காலில் முள் குத்தினாலும் ஹர்ட். மாமியார் சுடுசொல் சொன்னாலும் ஹர்ட். ஒருத்தி தன் கையைத் தானே அறுத்துக்கொண்டாலும் அதுவும் ஹர்ட்தானாம். ஊரையே ஆளுகிற மொழிக்கு இதற்கென்று மூன்று சொல் வைத்துக்கொள்ளத் துப்பில்லை.

என் நாத்தனார் வாயில்லாப் பூச்சி. பிழைக்க வந்த இந்தச் சீமையில் நான் வேலை பார்க்கிற சலவைக் கூடத்தில்தான் அவளும் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம், அது வேறு கதை. இரண்டு நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். கேட்டால் "ஒண்ணுமில்ல அண்ணி" என்பாள். அன்று காலை மேசை விளிம்பைப் பிடித்துக் குனிந்தவள் நிமிரவே இல்லை. முகம் வெளிறிக் கிடந்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லிக்கொள்ளாமலே டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா வந்தாள். எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் நான் ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். சொந்தக்காரர்கள் மொழிபெயர்க்கக் கூடாதாம். மனைவியை அடித்துப்போட்ட புருஷனே வந்து "கீழ விழுந்துட்டா" என்று சொல்லிவிடுவான் என்பதற்காக வந்த விதியாம். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். அந்தப் பக்கம் தமிழ் தெரிந்த ஒருவன், சளி பிடித்த குரலில் வணக்கம் சொன்னான்.

"உங்களுக்கு என்ன செய்யுதுன்னு கேக்குறாங்க."

"அடிவயிறு சுருக்குச் சுருக்குனு குத்துது," என்றாள் நாத்தனார். "வலப்பக்கம் பிடிச்சு இழுக்குது. நிக்க முடியல, உக்கார முடியல. உயிர் போகுது."

வருஷக்கணக்கில் அவள் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. போன்காரன் அதை ஒரே வாக்கியமாகச் சுருக்கிவிட்டான். குத்தினதும் இழுத்ததும் வழியிலேயே காணாமல் போயின. 'லைஃப்' மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

டாக்டரம்மாவின் புருவம் ஏறியது. குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டாள். அதில் 'ஹர்ட்' இருந்தது என் காதிலும் விழுந்தது.

"உங்களுக்கு வலிக்குதான்னு கேக்குறாங்க," என்றான் போன்காரன்.

"ஆமா."

"இதுக்கு முன்னாடியும் உண்டா?"

"ரெண்டு நாளாவே இருக்கு."

"எஸ்," என்று அவன் டாக்டரம்மாவுக்குச் சொன்னான்.

ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு நர்ஸ் வந்து அவளுடைய ஷூ கயிற்றை உருவினாள், இடுப்புப் பட்டையை வாங்கிக்கொண்டாள், கழுத்துத் துணியையும் எடுத்துக்கொண்டாள். ஸ்கேனுக்குத்தான் தயார் செய்கிறார்கள் என்று நினைத்து, அவள் தலையிலிருந்த ஹேர்பின்களையெல்லாம் நானே பொறுக்கிக் கொடுத்தேன். நல்ல அறிவு எனக்கு.

ஸ்கேனுக்குப் போகவில்லை. ஒரு சின்ன அறைக்குப் போனோம். நாற்காலிகளைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குக் கைப்பிடி இல்லை. ஒரு ஆலோசகர் அம்மா டிஷ்யூ பெட்டியோடு வந்து உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திப் பேசினாள். நாத்தனார் தன்னைத் தானே ஹர்ட் பண்ணிக்கொள்கிறாள், உயிரை விடப் பார்க்கிறாள், கயிறு, பட்டையெல்லாம் வாங்கி வைத்தாயிற்று, அதனால் யாரும் பயப்பட வேண்டாம் என்றாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இல்லை, வயிறு ஹர்ட், வயிறு மட்டும்தான் ஹர்ட் என்றேன். "இது உங்களையும் ரொம்ப ஹர்ட் பண்ணுதுன்னு புரியுது," என்று இங்கிலீஷில் சொல்லி டிஷ்யூவை என் பக்கம் நகர்த்தினாள். குரலை உயர்த்தினேன். நான் 'அப்செட்' ஆகிவிட்டேன் என்றாள். எழுந்து நின்றேன். 'டிஸ்ட்ரெஸ்' என்றாள். என் கோபத்துக்கு மட்டும் வகை வகையாகச் சொல் வைத்திருக்கிறார்கள் படுபாவிகள்.

அப்போது நாத்தனார் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வலி விட்டுருச்சு அண்ணி," என்றாள்.

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து ஆலோசகர் அம்மா புன்னகைத்தாள். மனம் விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்றாள். எனக்கும் ஒரு நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் நாத்தனாருக்குப் பல் தந்தியடித்தது. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது, கை சில்லிட்டிருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பலகையாக இருந்தது.

இனி எந்த மொழியில் என்ன சொல்வது? அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து நாத்தனார் வயிற்றின் மேல் வைத்து அழுத்தினேன். அவளுக்குப் புன்னகை போய்விட்டது. டிஷ்யூ பெட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு கதவைத் திறந்து ஓடினாள்.

குடல்வால் உள்ளேயே வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்ததாம். கிழித்து, கழுவி, தைத்தார்கள். என் வீட்டுக்காரர் வேலையை விட்டு ஓடிவந்து, தங்கச்சியைப் பார்க்க முடியாமல் நடைபாதையில் நின்று அழுதார். அவள் கண் விழித்தபோது கட்டிலருகே ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காவலாம். வயிற்றைக் கிழித்துப் பார்த்த பிறகும் அவள் சாக வந்தவள் என்கிற எண்ணம் அவர்களுக்குப் போகவில்லை. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா போனோடு வந்தாள். ஸ்பீக்கரில் அதே சளிக் குரல்.

"நடந்ததுல உங்க மனசு புண்பட்டிருந்தா வருத்தப்படுறாங்களாம்."

"மனசு கிடக்கட்டும் தம்பி," என்றேன். "வயிறு புண்பட்டிருக்கு. ஒரு சாணுக்குத் தைச்சுப் போட்டிருக்காங்க. அதையும் சேர்த்துச் சொல்லு."

அவன் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுமையா பேசுங்கம்மா," என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"போனை இங்க குடுங்க அண்ணி."

டாக்டரம்மாவிடமிருந்து வாங்கி அவள் வாயருகே பிடித்தேன். உதடு காய்ந்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் தையல் இழுத்தது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"சாகுறதா இருந்தா நான் வீட்டுலயே கிடந்திருப்பேன். பொழைக்கணும்னுதான் இங்க வந்தேன். இதை அப்படியே சொல்லுங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு அவன் இங்கிலீஷில் ஆரம்பித்தான். ஒரு சொல்லை விழுங்கினாலும் விடக்கூடாது என்று நான் போன் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு கேட்டேன்.