இடப்பக்க முடிச்சு

டௌவே ஆளை இழுத்துப்போகும் பெரிய துணிப் பட்டத்தின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றான். ஏரியின் மேல் மூட்டம் இன்னும் கலையவில்லை. நீளக் கயிறுகளின் இந்த முனையில் நின்ற நின்கேவுக்கு அவனுடைய சிவப்புத் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. அதற்குக் கீழே ஆளே இல்லாததுபோல இருந்தது. அவள் கட்டைவிரலை உயர்த்தினாள். அவன் கைகளை விட்டான். பட்டம் சத்தமில்லாமல் எழுந்து, போகவேண்டிய இடம் முன்பே தெரிந்ததுபோல அவள் தலைக்கு மேலே போய் நின்றது.

"மகாராணி, ஊர்வலத்த சீக்கிரம் முடிச்சிட்டு வாங்க. காபி ஆறிடும்," என்று மூட்டத்துக்குள்ளிருந்து டௌவேயின் குரல் வந்தது.

அவள் சறுக்குப் பலகையின் பட்டைகளில் கால்களை நுழைத்தாள். பட்டத்தைக் கொஞ்சம் தாழ்த்தியதும் காற்று இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தது. அவ்வளவுதான், கரை போய்விட்டது. தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே சாம்பல் நிறம். நடுவில் கோடு இல்லை. பலகைக்கடியில் தண்ணீர் கிழியும் சத்தம் மட்டும் இல்லாவிட்டால், தான் போகிறோமா நிற்கிறோமா என்று அவளாலேயே சொல்ல முடியாது.

பட்டங்களை மொத்தமாகத் தைக்கும் தையல்கூடத்துக்கு இன்று மாலைக்குள் யெல்மர் பதில் சொல்லியாக வேண்டும். வொர்கம் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து அவன் வரைந்த பட்டம் இது. எல்லாவற்றுக்கும் ஒரே பட்டம் என்பது அவன் கனவு. உயரத் தாவுகிறவனை அது தூக்க வேண்டும். அலையில் போகிறவன் அதை மறந்துவிட வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் தண்ணீரில் போட்டுவிட்டு விழித்தால், தானே எழுந்து வர வேண்டும். அப்படிப்பட்ட பட்டங்கள் பெரும்பாலும் எல்லாரிடமும் தலையாட்டும் ஆள் மாதிரி, எதையும் முழுமனதாகச் செய்யாது. இது செய்யுமா என்று நின்கேதான் சொல்ல வேண்டும். முட்டி போனபிறகு யெல்மர் தண்ணீரில் இறங்குவதில்லை. அவன் வரைவான், தைப்பான், ஏரிக்கரை மேட்டில் ஆடுகளுக்கு நடுவே நின்று பார்ப்பான். மற்றதெல்லாம் அவள் உடம்பு சொல்வதுதான்.

அவள் காற்றை எதிர்த்து ஏறிப் பார்த்தாள், வழுக்காமல் ஏறியது. வேண்டுமென்றே தண்ணீரில் போட்டாள். ஒரு கயிற்றைச் சுண்டியதும் உதறிக்கொண்டு எழுந்தது. பிறகு தாவினாள். மேலே போனதும் சத்தமெல்லாம் நின்றது. கீழே மூட்டத்தில் ஓர் ஓட்டை விழுந்து, அதற்குள் வாத்துக்கூட்டம் ஒன்று அசையாமல் மிதந்தது தெரிந்தது. இறங்க வேண்டும் என்ற அவசரமே பட்டத்துக்கு இல்லை. இறக்கியபோதும், தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் விடுவதுபோலத்தான் இறக்கியது. இடப்பக்கம் திருப்பலாமே என்று அவள் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் திரும்பியிருந்தது.

போன மார்ச்சில் அவள் காறை எலும்பு முறிந்து, மே மாதம் மறுபடி தண்ணீரில் இறங்கியபோது இந்தப் பட்டம் இப்படி இல்லை. "இடப்பக்கம் கொஞ்சம் சோம்பலா இருக்கு," என்று அன்றைக்கு அவள் சொன்னாள். "எல்லாம் நான் தச்ச லட்சணம்," என்று யெல்மர் பட்டத்தின் இடப்பக்கத்துச் சூத்திரக் கயிற்றில் முடிச்சைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டினான். சில வாரம் கழித்து மறுபடி அதையே சொன்னாள். மறுபடி ஏற்றினான். இன்றைக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருடைய பட்டங்களை அவள் பறக்கவிட்டுப் பார்த்திருக்கிறாள். அவளைத் தெரிந்துவைத்திருந்த பட்டம் இது ஒன்றுதான்.

கரையில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் பறந்து முடிக்கும்வரை பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒருவர் வாய் இன்னொருவர் கையைக் கெடுத்துவிடும். அதனால் டௌவே பட்டத்தோடு ஏரிக்குள் போன நேரம் முழுவதும், நின்கேவும் யெல்மரும் காரின் தூக்கிய பின்கதவுக்கடியில் உட்கார்ந்து, சர்க்கரை ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றுகொண்டு, அவள் வேலை பார்க்கும் பாலத்தைப் பற்றிப் பேசினார்கள். படகுகள் குறைந்துவிட்டன, பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை பாதியாகிவிட்டது என்றாள். யெல்மர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தால் அவள் தீர்ப்பு தெரிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கோ சிரிப்பை அடக்குவதே பாடாக இருந்தது.

டௌவே வந்தான். கடைசியில் பறந்தவர்தான் முதலில் பேச வேண்டும். அவன் காபியை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"நல்ல பட்டம்ப்பா. தண்ணியில போட்டா தானா வருது. தூக்குறது, எறக்குறது, ஒரு கொறையும் இல்ல. ஆனா இடப்பக்கம் இழுக்குது."

நின்கே சிரித்தாள். "அது உன் தொப்ப இழுத்திருக்கும்."

"என் தொப்ப நடுவுலதான் இருக்கு. வேணும்னா தொட்டுப் பாரு."

"எனக்கு ஊசி மாதிரி நேரா நின்னுச்சு, டௌவே."

"கைய விட்டுப் பாத்தியா?" என்று யெல்மர் கேட்டான்.

எந்தப் பட்டத்திலும் அவள் முதலில் செய்து பார்ப்பது அதைத்தான். தலைக்கு மேலே நிறுத்தி, கயிறுகள் வந்து சேரும் பிடிகம்பிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். இந்தப் பட்டத்தில் மட்டும், கோடை முழுக்க, கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வரவில்லை என்பதே இப்போது கேட்டபோதுதான் தெரிந்தது.

"இல்ல," என்றாள்.

யெல்மர் நொண்டிக்கொண்டே எழுந்து, கயிறுகளைப் பட்டத்திலிருந்து கழற்றி, முனைகளை மேட்டின் வேலிக் கம்பத்தில் மாட்டினான். டௌவே பிடிகம்பை இழுத்துப் பிடித்தான். எல்லாக் கயிறுகளும் ஒரே அளவாக விறைத்தன. கம்பும் நேராக இருந்தது. "இப்ப நீ பிடி," என்றான் யெல்மர். நின்கே வாங்கிக்கொண்டாள். பிறகு யாரும் சொல்லாமலே கண்களை மூடினாள். இரண்டு கைகளும் சமமாக இருப்பதாகத் தோன்றும்வரை இழுத்தாள். தோன்றியது. கண்களைத் திறந்தாள்.

கம்பு சாய்ந்திருந்தது. வலக்கை மார்பருகே இருக்க, இடக்கை கட்டைவிரல் நீளத்துக்கு முன்னால் நின்றது. மார்ச்சில் எலும்பு முறிந்த பக்கத்துக் கை, கடைசிவரை இழுத்துவிட்டதாக அவள் நம்பிய கை.

டௌவே தன் ரப்பர் உடையில் ஒட்டியிருந்த ஆட்டுப் புழுக்கையைத் துடைக்கக் குனிந்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"நான் தையல்தான் கோணல்னு நெனச்சேன்," என்றான் யெல்மர்.

"நானும்தான்."

"பிரிச்சுப் பிரிச்சு அளந்தேன். ஒரு நூல்கூடத் தப்பு இல்ல. இருந்தாலும் என் தப்பாத்தான் இருக்கும்னு..."

"என் கைய ஒருதடவகூடச் சந்தேகப்படலியா நீ?"

"உன் கையையா?" என்றான் அவன். அப்படி ஒரு கேள்வி இருக்க முடியுமா என்பதுபோல இருந்தது அவன் முகம்.

அவள் பட்டத்தருகே போய் மண்டியிட்டாள். பட்டம் முதுகைக் காட்டிப் புல்லில் கவிழ்ந்துகிடந்தது. இந்த முடிச்சோடு இது தையல்கூடத்துக்குப் போனால், முதல் நாள் தண்ணீரில் இறங்கும் யாரோ ஒருத்தியை இது இடப்பக்கமாகவே, கரைக் கற்களை நோக்கி இழுத்துக்கொண்டு போகும்.

"ரெண்டுக்கும் நடுவுல வைக்கலாம்," என்றான் யெல்மர் மெதுவாக. "கொஞ்சமா. யாருக்கும் தெரியாது."

"வேணாம். மே மாசம் இருந்த எடத்துக்கே கொண்டுபோ. அப்படியே அனுப்பு. அது நல்ல பட்டம், யெல்மர். எல்லாருக்கும்."

"உனக்குப் பழையபடி சோம்பலா இருக்கும்."

"இருக்கட்டும்."

நனைந்த முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவள் நகத்தால் கிளறினாள், வரவில்லை. யெல்மரும் முட்டியை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். இருவரும் குளிரில் மரத்த விரல்களோடு அந்தச் சின்ன முடிச்சை ஆளுக்கொரு பக்கமாகத் தளர்த்தினார்கள். அவிழ்ந்ததும் அவன் கயிற்றைப் பழைய தடத்துக்கு இறக்கிக் கட்டினான்.

"இனிமே டௌவேவ அனுப்பிப் பாத்துக்கோ," என்றாள்.

யெல்மர் கயிறுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பட்டத்தில் மாட்டி, பிடிகம்பை அவளிடம் நீட்டினான்.

டௌவே பட்டத்தை ஏவிவிட்டான். இந்த முறை கிண்டல் எதுவும் இல்லை. மூட்டம் கலைந்து ஏரி வெள்ளித் தகடாக விரிந்திருந்தது. அவள் பலகையில் ஏறி, தூரத்தில் தெரிந்த தேவாலயக் கோபுரத்தையோ பாய்மரத்தையோ பார்க்காமல், கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைகளும் சமம் என்று தோன்றியபடி பிடித்துப் போனாள். நெடுநேரம் போனாள். கைகள் நேர் என்றன. உடம்பும் நேர் என்றது. பிறகு திரும்பிப் பார்த்தாள். பலகை கிழித்துவந்த வெண்கோடு தண்ணீரில் இன்னும் அழியாமல் கிடந்தது. கரையிலிருந்து புறப்பட்டு, பெரிய வில்லைப்போல மெல்ல மெல்ல வலப்பக்கம் வளைந்து, அவள் காலடிவரை வந்திருந்தது.