முப்பத்தாறரை டிகிரி

அன்று காலை என் அண்ணன் ஸ்ட்ராஹில் சேவலை ஊர் வெந்நீர்த் தொட்டியில் முக்கி எடுத்தார். இறகு கையோடு வந்தது. எங்கள் ஊரான வ்ரேலோவின் வெந்நீர் ஊற்று இறகை உதிர்த்தது அதுவே கடைசி. "சூப்பு ஆறுறதுக்குள்ள வந்து சேருங்க," என்றார் அண்ணி நெவேனா. "ஆறினா என்ன, உன் பேச்சுல சுட வெச்சுக்குறேன்," என்று சொல்லிவிட்டு அண்ணன் ஊற்றை ஆழப்படுத்தும் துளைக்கிணற்று வேலைக்குப் போனார். மதியம் மண் சரிந்தது. உடல் கிடைக்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு ட்சோன்கா தன் கோழியை அதே தொட்டியில் முக்கினாள். ஓர் இறகும் அசையவில்லை. ஊற்று நீரில் நோயாளிகளைக் குளிப்பாட்டும் மருத்துவ விடுதியின் டாக்டர் வெப்பமானியை இறக்கிப் பார்த்தார்: முப்பத்தாறரை டிகிரி, உயிருள்ள மனித உடம்பின் சூடு. ரோமாபுரிச் சிப்பாய்கள் காயங்களை ஊறவைத்த நாளிலும், துருக்கியர் மேலே கும்மட்டம் எழுப்பிய நாளிலும், அரசர் சலவைக்கல் தொட்டி கட்டிய நாளிலும் அந்தத் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதித்தது. மலையில் பெய்யும் மழை பாறைக்கு அடியில் கிடந்து, அப்போதைய அரசுகள் எல்லாம் கவிழ்ந்த பிறகே மேலே வரும். மண் எடுத்துக்கொண்டது எதுவும் அவசரமாகத் திரும்பாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணி ஊற்றுக் குழாயைத் தொட்டுப் பார்த்து, "இது அவரோட சூடு," என்றார். இறந்தவரின் படம் அச்சிட்ட தாளை வாசற்கதவில் ஒட்டுவது எங்கள் வழக்கம். அண்ணி மறுத்துவிட்டார். "சூடா இருக்குற ஆளுக்கு யாராவது தாள் ஒட்டுவாங்களா?"

ஜனவரியில் அண்ணனுக்கு எப்போதும் நெஞ்சுச்சளி கட்டும். அந்த ஜனவரியில் ஊற்று முப்பத்தொன்பதுக்கு ஏறியது. அண்ணி அவருடைய ஆட்டுத்தோல் கோட்டைக் குழாய்மேல் போர்த்தினார். ட்சோன்கா சளிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் லிண்டன் பூக் கஷாயம் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினாள். சூடு இறங்கியது.

தண்ணீர் கொதிக்காததால் விடுதிக்கு நோயாளிகள் வருவது நின்றதும், பழைய துளையைக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டு வேறிடத்தில் துளைப்பது என்று நகரசபைத் தலைவர் முடிவு செய்தார்.

"தோழர் தலைவரே, மூச்சு விட ஒரு விரல்கடை இடமாவது விடுங்க," என்று அண்ணி கெஞ்சினார்.

"ஏம்மா நெவேனா, தண்ணி மூச்சு விடுமா?"

"உங்க குறட்டையவிட அடக்கமா விடும்."

அடைத்தார்கள். ஊரில் எந்தக் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. அண்ணி சோறு தண்ணியில்லாமல் அந்தக் கான்கிரீட்டின்மேல் காதை வைத்துக் கிடந்தார். வாரக் கடைசியில் புதுத் துளையிலும், ரோமாபுரிக் குளத்திலும், கும்மட்டத்துக்கு அடியிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தது. டாக்டர் மூன்றையும் அளந்து, மூன்றுக்கும் ஒரே எண்ணைச் சொன்னார். தலைவர் தொப்பியைக் கழற்றினார். அதன்பின் யாரும் துளைக்கவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. கோழிக்கு அடுப்பில் வெந்நீர் வைக்கிறோம். குழந்தைகளை விளாவாமலே குளிப்பாட்டுகிறோம். அண்ணி போன இலையுதிர்காலத்தில் இறந்தார். ஊற்று நீரில்தான் கழுவினோம். கழுவி முடிக்கும்வரை அவர் உடல் குளிரவில்லை. அவருடைய படத்தாளைக் கதவில் ஒட்டினேன். பக்கத்தில் அண்ணனுக்கு உரிய இடம் வெறுமையாக இருக்கிறது. இன்று காலையும் தண்ணீரை அளந்தேன்.

முப்பத்தாறரை.