விட்டுக்கொடுக்கும் சைக்கிள்

மாரடைப்பு வந்த நவ்ஷாத்தை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விட்டபோது டொக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இனிமேல் லொறி ஓட்டக்கூடாது. மற்றது, வீட்டுக்குள் வைத்து மிதிக்கும் உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்று எடுத்து தினமும் இருபது நிமிடம் மிதிக்கவேண்டும். ஆனால் நாடித்துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டக்கூடாது. மன்னாரிலிருந்து கொழும்புக்கு இருபத்தாறு வருஷம் மீன் லொறி ஓட்டிய மனுஷன், முதலாவதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாவதைக் கேட்டதும் மனைவி ரிஸ்னாவின் பக்கம் திரும்பினார்.

"நிண்ட இடத்திலயே நிக்கிற சைக்கிளோ?"

ரிஸ்னா உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியை. சைக்கிளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, உப்புக்குளத்து வீட்டு ஹோலில் யன்னலோரமாக வைத்தாள். அதன் கைப்பிடிக்குக் கீழே ஒரு சிவப்புத் திருகு இருந்தது. திருகினால் உள்ளே ஒரு கம்பி இழுபடும், காந்தங்கள் சில்லுக்குக் கிட்ட வரும், மிதி பாரமாகும். ஒன்றிலிருந்து எட்டு வரை இலக்கம் போட்டிருந்தார்கள். மூன்றைத் தாண்டக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு நவ்ஷாத் சைக்கிளில் ஏறுவார். அவள் குசினிக்குள் போய்ப் பிட்டுக்கு மா குழைக்கத் தொடங்கியதும் ஹோலில் சத்தம் மாறும். இழுத்து இழுத்து, பாரம் ஏற்றிய வாகனம் மேட்டில் ஏறுவதுபோல. கையில் மாவோடு ஓடிவந்து பார்த்தால் திருகு எட்டில் நிற்கும். மனுஷனின் பெனியன் தொப்பலாக நனைந்திருக்கும்.

"மச்சான், மூண்டிலதானே வச்சிட்டுப் போனனான்?"

"அது தானா ஏறினது."

மாமி மகன் என்பதால் கலியாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அவர் மச்சான்தான். அவருடைய பொய்கள் எல்லாம் அவளுக்குப் பழக்கம். ஆனால் ஒருநாள் காலை அவர் சைக்கிளில் இருந்து இறங்கியவர், நிற்க முடியாமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். உதடு வெளிறிப்போயிருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, இதயம் பாதிப் பலத்தோடுதான் வேலை செய்கிறது, இன்னொரு தடவை தாங்காது என்றார். அதை அவள் கணவரிடமும் சொல்லவில்லை, மகள் றிம்ஷாவிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவெடுத்தாள். அந்தத் திருகு அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது.

மூன்று கிழமை எடுத்தது. நெஞ்சில் கட்டும் பட்டி ஒன்று அவருடைய துடிப்பை எண்ணி அனுப்பவேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பழகுகிற மாதிரிச் சின்ன மின்சுற்று அட்டை ஒன்று அதை வாங்கிக் கணக்குப் பார்க்கவேண்டும். துடிப்பு நூற்றைந்துக்கு மேலே போனால் ஒரு மோட்டர் கம்பியைத் தளர்த்தவேண்டும். தொண்ணூறுக்குக் கீழே நின்றால் நாளுக்கு ஒரு துளி மட்டும் இறுக்கவேண்டும். முதலில் பூட்டிய மோட்டருக்குப் பலம் போதாமல் அதன் பிளாஸ்டிக் பல்லுகள் உடைந்து கொட்டின. பிறகு கராஜில் கழற்றிப் போட்டிருந்த காரின் வைப்பர் மோட்டரைக் கேட்டு வாங்கிப் பூட்டினாள். அதற்குப் பலம் கூடிப்போய்க் கம்பியையே அறுத்துவிட்டது. புதுக் கம்பி போட்டு, எல்லைக்கு வந்தால் மோட்டரை நிறுத்துகிற மாதிரி இரண்டு பக்கமும் சுவிச் வைத்தாள். கடைசியில் சிவப்புத் திருகைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

முதல் நாள் நவ்ஷாத் சந்தோஷமாகத்தான் ஏறினார். "தானா கியர் மாத்துது பார்" என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாம் நாள் மெல்ல வேகம் எடுத்தார். மோட்டர் ஒருமுறை உறுமியது. மிதி பஞ்சாகிப் போனது. மூன்றாம் நாளும் அதேதான். மிதிப்பதை நடுவில் நிறுத்திவிட்டார்.

"என்ன மச்சான்?"

"நான் அழுத்தினா இது விட்டுக்குடுக்குது."

"அதுக்குத்தானே செய்தனான்."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "கடையில பொடியன்மார் என்ர கையில இருந்து பையை வாங்கிறாங்கள். என்ர தம்பி பைசர் முந்தி என்னோட சண்டை பிடிக்காத நாளில்ல. இப்ப நான் எதைச் சொன்னாலும் 'ஓம் நானா' எண்டுறான். நீயும் ஏசுறேல்ல. இந்த வீட்டில என்னோட மல்லுக்கட்ட இருந்தது இது ஒண்டுதான். இதுக்கும் விட்டுக்குடுக்கச் சொல்லிக்குடுத்திட்டாய்."

ரிஸ்னா குசினிக்குள் போய் அடுப்பைத் தணித்துவிட்டுச் சும்மா நின்றாள்.

அதற்குப் பிறகு அவர் முறைப்பாடு சொல்லவில்லை. அவளுக்கும் அது நிம்மதியாக இருந்தது. போனில் அவருடைய துடிப்பு ஒரு கோடாக வரும். எண்பத்திரண்டு, எண்பத்தைந்து, எண்பத்துமூன்று. பத்து நாளாக ஒரு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பாடவேளைக்கு நடுவில்கூட அந்தக் கோட்டை எடுத்துப் பார்த்து, மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொள்வாள்.

பதினோராம் நாள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பழைய சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து, மேட்டில் ஏறுகிற சத்தம். ஹோலுக்கு வந்து பெட்டியின் மூடியைத் திறந்தாள். கம்பி கடைசி எல்லை வரை இழுபட்டு விறைத்துப்போய் நின்றது. போனைப் பார்த்தாள். எண்பத்துநான்கு. நவ்ஷாத்தின் முகத்தில் வியர்வை ஒழுகியது. நெஞ்சில் பட்டி இல்லை.

அவள் நேரே மகளின் அறைக் கதவைத் தள்ளினாள். பதினேழு வயது றிம்ஷா மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். சட்டைக்கு மேலே பட்டியின் விளிம்பு தெரிந்தது.

பிள்ளை சும்மா கதிரையில் இருந்து படிக்கிறாள். துடிப்பு எண்பதுகளிலேயே நிற்கிறது. இந்த ஆளுக்குப் பாரம் போதாது என்று மோட்டர் இறுக்கிக்கொண்டே போயிருக்கிறது. பத்து நாளாக, நாளுக்கு ஒரு துளியாக. ரிஸ்னா தன் கையால் எழுதிக் கொடுத்த கட்டளைப்படி.

"உம்மா, ஏசாதீங்கோ" என்று றிம்ஷா அழத் தொடங்கினாள். "வாப்பா கெஞ்சிக் கேட்டவர். ஆஸ்பத்திரியால வந்த பிறகு, நான் ஓமெண்ட அண்டைக்குத்தான் சிரிச்சவர்."

சத்தம் கேட்டு நவ்ஷாத்தும் வாசலுக்கு வந்தார். அப்போதுதான் டொக்டர் தனியே சொன்னதை ரிஸ்னா இருவருக்கும் முன்னால் வைத்துச் சொன்னாள். றிம்ஷா பட்டியைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். நவ்ஷாத் துவாயால் கழுத்தைத் துடைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "என்ர நெஞ்சு எனக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சுகொண்டா செய்தனீங்கள்?"

"தெரிஞ்சுகொண்டுதான்."

அன்று பள்ளிக்கூடம் போகாமல், இருந்த ஆத்திரத்தில் ரிஸ்னா கம்பியையே கழற்றிவிட்டாள். இனி யார் மிதித்தாலும் சில்லு காற்றாடியாகச் சுற்றும். நவ்ஷாத் தடுக்கவில்லை. அடுத்த நாள் காலை அந்தச் சைக்கிளுக்குக் கிட்டப் போகவும் இல்லை. பின்வளவில் கிடந்த பழைய ரோட்டுச் சைக்கிளுக்குக் காற்றடித்து, கேற்றைத் திறந்து வெளியே போனார்.

ரிஸ்னா ஹபாயாவைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் ஓடினாள். கடற்கரைக்குப் போகும் தாழ்வுபாட்டு ரோட்டில்தான் அவரைப் பிடிக்க முடிந்தது. சோழகக் காற்று நேர் எதிரே அடித்தது. மண் பறந்து கண்ணுக்குள் விழுந்தது. நவ்ஷாத் இருக்கையில் இருந்து எழும்பி, முழு உடம்பையும் மிதியில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்! இறங்குங்கோ! அல்லாஹ்வுக்காக இறங்குங்கோ!"

காற்று அவள் சத்தத்தைப் பின்னுக்கு அள்ளிக்கொண்டு போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தாழ்வுபாட்டில் கருவாடு காயப்போட்டிருந்த இடத்தில் நிறுத்தி, ஒரு கல்லில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். பாதியைக் குடித்துவிட்டு, "நாளைக்கும் வருவன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்தபடி சொன்னார்.

அந்தக் கிழமையே அவள் டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மருந்தைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். "நான் சொல்லத்தான் முடியும் ரீச்சர்" என்றார்.

இப்போது ஒவ்வொரு நாளும் விடிந்ததும் இருவரும் போகிறார்கள். அவர் சைக்கிளில். பின்னால் அவள் ஸ்கூட்டியில், இரண்டு காலையும் நிலத்தில் தட்டித் தட்டி, விழுந்துவிடாத அளவுக்கு மெதுவாக. கைப்பையில் நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை. அவருடைய முதுகைத் தவிர அவள் வேறொன்றையும் பார்ப்பதில்லை.

நேற்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவரை முந்திக்கொண்டு போய், சரியாக அவருக்கு முன்னால் ஓட்டினாள். காற்று தன் மேலே பட்டு உடைந்தால் அவருக்கு அந்த அளவுக்காவது பாரம் குறையும் என்று நினைத்தாள். ஹபாயா படபடத்து அடித்தது. கொஞ்சத் தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தாள். நவ்ஷாத் ரோட்டின் மற்றக் கரைக்கு விலகி, காற்று முழுவதும் முகத்தில் படத் தனியே மிதித்து வந்துகொண்டிருந்தார். அவள் வேகத்தைக் குறைத்து, அவரைப் போகவிட்டு, திரும்பவும் பின்னால் போனாள்.